கேரியரை விட்ட கை: புதுக்கோட்டைப் பெண்களும் சைக்கிளும், ஒரு நிகழ்வு ஆய்வு

என் பெரியம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் சைக்கிள் பழக்கிவிட்டவன் நான். எனக்கு அப்போது பதினான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விடுவோம். பால்காரர் கண்ணில்கூடப் படக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ஏறி உட்காருவார், நான் பின்னால் கேரியரைப் பிடித்தபடி ஓடுவேன்.

"பிடிச்சிருக்கியாடா?"

"பிடிச்சிருக்கேன் பெரியம்மா. வீலைப் பாக்காதீங்க, நேரா பாருங்க."

மூன்றாவது வாரம், வேப்பமரத்தைத் தாண்டும்போது கையை விட்டேன். அவருக்குத் தெரியாது. கோல்போஸ்ட் வரை தானாகவே ஓட்டிப் போனார். என் குரல் எங்கோ தூரத்தில் கேட்டதும் திரும்பிப் பார்த்தார், அந்த நொடியே விழுந்தார். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டு ஓடினேன். மண்ணைத் தட்டியபடி எழுந்தவர் கேட்டது வேறு: "எந்த எடத்துலடா விட்ட?"

மரத்தைக் காட்டினேன். அவர் மரத்தடிக்கு நடந்து போய், அங்கிருந்து விழுந்த இடம் வரை ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டு வந்தார். அறுபதுக்கு மேல் வந்தது. அந்த மூன்று வாரமும் "உங்களால முடியும் பெரியம்மா" என்று நான் சொல்லாத நாள் இல்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. அந்த அறுபது அடியைத்தான் நம்பினார்.

ஒரு மாவட்டத்தில் ஆயிரமாயிரம் பெண்கள் இப்படித் தங்கள் அறுபது அடியைக் கண்டுபிடித்த காலம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. "இந்த வேலை என்னால் முடியும்" என்று ஒருவர் தன்னைப் பற்றி நம்புவதை உளவியலில் தன்திறன் நம்பிக்கை என்பார்கள். வகுப்பில் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அமெரிக்க ஆய்வகங்களையே எடுத்துக்காட்டுகிறோம். எனக்குத் தெரிந்து அதற்கு இதைவிடப் பெரிய, உயிருள்ள சான்று கிடையாது.

புதுக்கோட்டை, 1991

புதுக்கோட்டை பழைய சமஸ்தானம். 1974-ல் தனி மாவட்டமானது. பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கூலி விவசாயம், கண்மாய்ப் பாசனம், கல்குவாரி என்றுதான் அன்றைக்குப் பிழைப்பு. குவாரியில் கல் உடைப்பவர்களில் பெண்கள் ஏராளம்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ல் தொடங்கியது. 1990-ல் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அலையில் 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அரசு அலுவலர்கள், ஆசிரியர்கள், அறிவியல் இயக்கத்தார், ஊர் இளைஞர்கள், இளம்பெண்கள் என்று பெரிய தொண்டர் படை திரண்டது. கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கற்றுத்தர முன்வந்தவர்களிலும் பெண்கள் நிறையப் பேர்.

நடைமுறையில் ஒரு சிக்கல் இருந்தது. பகல் முழுக்க வேலை, வகுப்பு என்றால் இரவில்தான். ஊருக்கு ஊர் போய்ப் பார்க்க வேண்டிய பெண் ஒருங்கிணைப்பாளர் எப்படிப் போவது? பஸ் வருகிறபோது வரும். அதை விட்டால் அண்ணனோ அப்பாவோ புருஷனோ கொண்டுபோய் விட வேண்டும். அதாவது, அடுத்த ஊருக்குப் போய் எழுத்துச் சொல்லித்தரும் பெண், போக வர ஓர் ஆணின் சௌகரியத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

சைக்கிள் ஓட்டப் பழகுவதை எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார் ஆட்சியர். இதை ஒரு துணை நிகழ்ச்சியாக அவர் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும்படி வங்கிகளை வற்புறுத்தினார். ஒன்றியம் ஒன்றியமாகப் பொறுப்புக் கொடுக்கப்பட்டது. பெண்களுக்கென்றே பயிற்சி முகாம்கள் நடந்தன. சைக்கிள் பழகச் சொல்லி இயக்கத் தொண்டர்கள் பாட்டுக் கட்டினார்கள், அது ஊர் ஊராகப் பரவியது.

முதலில் தொண்டர்கள் பழகினார்கள். பிறகு அவர்களிடம் படிக்க வந்தவர்கள். பிறகு கூலி வேலைக்காரிகள், குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள். தலையில் முக்காடு போட்ட இளம் முஸ்லிம் பெண்களும் இதில் உண்டு. ஆண்கள் சும்மா இருக்கவில்லை. தெருவில் நின்று அசிங்கமாகப் பேசினார்கள். ஆனாலும் 1992 மகளிர் தினத்தில், ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள்.

இதை நேரில் போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் கணக்குப்படி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பத்து வயதுக்குக் குறைந்த சிறுமிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல். அவர்களில் 70,000-க்கும் மேற்பட்டோர் பொது இடத்தில் நடந்த சைக்கிள் போட்டிகளில் ஊர் பார்க்க ஓட்டினார்கள். ஒரு கடையில் லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே ஆண்டில் 350 சதவீதம் கூடியது.

இந்த 350-ம் குறைவான கணக்குதான். ஏனென்றால் லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். வாங்கிப் பழகியபின் அதுவே தேவலை என்றார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஒரு பார் இருக்கிறதல்லவா, அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம். பின்னால் கேரியரில் குடம் கட்டலாம். பெண்களுக்கு ஏற்றது என்று கம்பெனிக்காரர் அந்த பாரை எடுத்துவிட்டார், பெண்களோ எங்களுக்கு அது வேண்டும் என்றார்கள். இந்த ஒரு விஷயத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பயந்துகொண்டு ஏறியவர் இப்படிக் கேட்கமாட்டார். ஓட்டுவது பழகி, தன் வேலைக்கு எது தோது என்று யோசிக்கும் நிலைக்கு வந்தவர்தான் கேட்பார்.

பாம்பும் சைக்கிளும்

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1925-ல் கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் மண்டேர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்கப் பணியாற்றி 2021-ல் மறைந்தார். தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தை அவர் முழுவடிவில் முன்வைத்தது 1977-ல்.

அவர் அதற்கு வந்து சேர்ந்த வழி பாம்பு. பாம்பென்றால் வெளியே நடமாடவே அஞ்சுகிறவர்களை வரவழைத்தார். சிலர் இன்னொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். சிலர் உதவியாளரின் துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்களே தொட்டார்கள். முதலில் கையுறையோடு, பிறகு வெறுங்கையால், கடைசியில் மடிமேல் அது ஊரும் அளவுக்கு. ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு கேள்வி: "இதை உங்களால் செய்ய முடியுமா? எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" அந்தப் பதிலை வைத்தே ஒருவர் எந்தப் படிவரை போவார் என்று மிக நெருக்கமாகச் சொல்ல முடிந்தது. கூடவே, பார்த்தவர்களைவிடத் தொட்டவர்களிடம் அந்த நம்பிக்கை அதிகமாக வளர்ந்திருந்தது.

நாம் பேச்சுவழக்கில் தன்னம்பிக்கை என்பதும் இதுவும் ஒன்றல்ல. என் பெரியம்மா ஏழு பேர் உள்ள வீட்டை நடத்தியவர். சந்தையில் அவரிடம் விலை பேச வியாபாரிகள் தயங்குவார்கள். தன்னம்பிக்கைக்கு அவரிடம் ஒரு குறையும் கிடையாது. சைக்கிள்மேல் தன் உடம்பு நிற்கும் என்ற நம்பிக்கை மட்டும் இல்லை. குவாரிப் பெண்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நாள் முழுக்கச் சம்மட்டி பிடிக்கும் கைகளுக்கு ஹேண்டில்பார் ஒரு பொருட்டா? ஆனால் "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்" என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். உடம்பில் வலுவிருந்தும் அந்த ஒரு வேலைக்கு அது உதவும் என்ற எண்ணமே எழவில்லை. தன்திறன் நம்பிக்கை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இருக்கும் என்று பாண்டுரா திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

இந்த நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்றார் அவர். தானே செய்து பார்த்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடம்பும் மனமும் அந்த நேரத்தில் தரும் சேதி. புதுக்கோட்டையில் நான்கும் ஒரே நேரத்தில் சுரந்தன. ஆனால் நான்கும் ஒரே கனம் அல்ல.

முதலாவதுதான் எல்லாவற்றிலும் வலியது. சைக்கிள் அதற்கென்றே செய்துவைத்த பொருள் போல. அதில் ஏமாற்ற முடியாது. நிற்கிறது அல்லது விழுகிறது. ஓட்டத் தெரிந்துவிட்டது என்பதை வாத்தியார் மார்க் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து அப்படியல்ல. இரண்டு மாதம் வகுப்புக்கு வந்த பெண்ணுக்குத் தனக்குப் படிக்க வந்துவிட்டதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியாது. பஸ் போர்டில் பாதி எழுத்து புரியும், பாதி புரியாது. அதே பெண் ஞாயிற்றுக்கிழமை முகாமில் பத்தடி தனியாக ஓட்டிவிட்டால், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. "இந்த வயசுல இது நமக்கு வராது" என்ற பேச்சு ஒரு விஷயத்தில் பொய்யாகிவிட்டது. இன்னொன்றிலும் பொய்யாக இருக்கலாமோ என்ற ஐயம் அங்கேதான் பிறக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வேலையில் பிறந்த நம்பிக்கை இன்னொன்றுக்குத் தானாகத் தாவாது. ஆனால் இரண்டுக்கும் பூட்டு ஒன்றாக இருந்தால், ஒரு சாவியே போதும். இங்கே பூட்டு வயதும் பெண் என்பதும்.

இரண்டாவது, பார்த்துப் பழகுவது. சினிமாவில் கதாநாயகி சைக்கிள் ஓட்டிப் பாடியதை இந்தப் பெண்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. அவள் வேறு, நான் வேறு. பக்கத்து வீட்டுக்காரி, தன்னோடு களை எடுக்கிறவள், தன்னைப் போலவே மூன்று பிள்ளை பெற்றவள் தள்ளாடித் தள்ளாடி ஓட்டுவதைப் பார்த்தபோதுதான் நடந்தது. அந்தத் தள்ளாட்டம் முக்கியம். பிசகில்லாமல் செய்து காட்டுகிறவரைப் பார்ப்பதைவிட, தடுமாறிச் சமாளிக்கிறவரைப் பார்த்தால் பயந்தவருக்கு நம்பிக்கை அதிகம் வரும் என்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். அந்த எழுபதாயிரம் பேரின் பொதுப் போட்டிகளை அரசு விழா என்று ஒதுக்கிவிடக் கூடாது. யார் முந்தினார் என்பதா முக்கியம்? சுற்றி நின்று பார்த்தவர்களில் யார் அடுத்த ஞாயிறு முகாமுக்கு வந்தார் என்பதுதான்.

பிறர் சொல்லும் ஊக்கம் இருப்பதிலேயே மெலிந்தது. பாட்டும் பேச்சும் வாசல்வரை அழைத்து வரும், அவ்வளவுதான். செய்து பார்க்க வழியில்லாமல் சொல்லை மட்டும் கொடுத்தால், முதல் தோல்வியிலேயே அது கரைந்துவிடும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய மாதம் பள்ளிகளில் பேச்சாளரைக் கூட்டி வந்து "உன்னால் முடியும்" என்று இரண்டு மணிநேரம் முழங்க வைக்கிறோம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், சிலர் அழுகிறார்கள். மறுநாள் காலை அதே கணக்கு, அதே தடுமாற்றம். அந்த இரண்டு மணிநேரத்தில் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து, அவள் தானே போட்டு முடிக்கக்கூடிய மூன்று கணக்குகளைத் தேர்ந்து கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று ஒவ்வோராண்டும் எனக்கு வயிறு எரிகிறது.

நான்காவது உடம்பின் சேதி. ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. இதை "எனக்கு முடியாது" என்பதற்கான அறிகுறியாகவும் படிக்கலாம், புதிதாக ஒன்றைத் தொடும்போது எல்லாருக்கும் இருப்பதுதான் என்றும் படிக்கலாம். தனியாக இருக்கும் பெண் முதல் வகையில் படிக்க வாய்ப்பு அதிகம், அதுவும் தெருவில் ஒருவன் கேலி செய்யும்போது. நாற்பது பெண்கள் சேர்ந்து நின்று, ஒருத்தி விழுந்தால் எல்லாரும் சிரித்துத் தூக்கிவிடும் முகாமில் அந்தப் படபடப்புக்கு வேறு பெயர் கிடைத்துவிடுகிறது. என் பெரியம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. ஊருக்கு ஒளிந்து, இருட்டில் பழக வேண்டியிருந்தது. அவருக்கு மூன்று வாரம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த நம்பிக்கை செயலாக மாறும் இடம் பெரும்பாலும் விழுந்த பிறகுதான் தெரியும். விழுந்த இருவருக்கும் அதே சிராய்ப்பு. ஒருத்தி "நமக்கு இது ஆகாது" என்று வீட்டுக்குப் போகிறாள். இன்னொருத்தி "பிரேக்கை முன்னாடியே பிடிச்சிருக்கணும்" என்கிறாள். முதலாமவள் காரணத்தைத் தன்மேல் வைத்தாள், இரண்டாமவள் கை செய்த ஒரு காரியத்தின்மேல் வைத்தாள். அதை நாளை மாற்றிக்கொள்ளலாம். எந்த வேலையைத் தொடுவது, எவ்வளவு முயல்வது, எவ்வளவு நேரம் விடாமல் நிற்பது என்ற மூன்றும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

எதிர்க்கேள்விகள்

இவ்வளவும் நம்பிக்கையால் நடந்ததா, சைக்கிளால் நடந்ததா? நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. சைக்கிள் நேரத்தை மிச்சப்படுத்தியது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நாலு ஊருக்குக் காய்கறியோ வேறு விளைபொருளோ கொண்டுபோய் விற்க முடிந்தது, வருமானம் கூடியது. இதற்கு உளவியல் விளக்கம் எதுவும் தேவையில்லை. பீகாரில் 2006-ல் தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். அங்கே அறிவொளி இயக்கம் எதுவும் இல்லை. பள்ளி தூரமாக இருந்தது, சைக்கிள் தூரத்தைக் குறைத்தது.

புதுக்கோட்டையில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைத்து யாரும் அளக்கவில்லை. வங்கிக் கடன், ஆட்சியரின் அதிகாரம், தொண்டர்களின் உழைப்பு, பாட்டு, சைக்கிள் எல்லாம் ஒன்றாகக் கலந்த குழம்பு அது. புளியை மட்டும் தனியாக எடுத்துக் காட்ட முடியாது. குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கிடைத்ததும் அதே காலம்தான். ஒரு பெண் நிமிர்ந்து நடந்ததற்கு அதில் எது காரணம் என்று எப்படிச் சொல்வது?

பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்குகள் உண்டு. 1991-ல் மாணவர்களைப் பற்றி மல்டன், பிரௌன், லென்ட் ஆகிய மூவர் தொகுத்ததிலும், 1998-ல் வேலை செய்வோரைப் பற்றி ஸ்டாய்கோவிச்சும் லூதன்ஸும் 114 ஆய்வுகளைத் தொகுத்ததிலும், தன்திறன் நம்பிக்கைக்கும் செயல்பாட்டுக்கும் உள்ள தொடர்பு சுமார் 0.38 என்றே வந்தது. மக்களுக்கிடையே செயல்பாட்டில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இதோடு சேர்ந்து நகர்கிறது என்று பொருள். மனித நடத்தையை அளப்பவர்களுக்கு அது பெரிய எண். ஆனால் மிச்சம் ஆறு பங்கு வேறெங்கோ இருக்கிறது. திறமையாகவோ, பணமாகவோ, அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்த நேரமாகவோ இருக்கலாம்.

நம்பிக்கை மிஞ்சினால் முயற்சி குறைவதும் உண்டு. ஜெஃப்ரி வான்கூவரும் அவருடைய குழுவினரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மாஸ்டர்மைண்ட் என்ற புதிர் விளையாட்டில், தனக்கு நன்றாக வருகிறது என்று நினைத்தவர் அடுத்த ஆட்டத்தில் கவனக்குறைவால் சறுக்குவதைக் காட்டினார்கள். புதுக்கோட்டைக் கதையில் இது என்னை உறுத்தும் இடம் எழுத்து. சைக்கிள் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் பத்து வருஷம் தொடாமல் இருந்தாலும் மறக்காது. எழுத்து அப்படியல்ல. பெரியவர்கள் புதிதாகக் கற்ற எழுத்து, படிக்க எதுவும் கைக்குக் கிடைக்காமல் போனால் சில ஆண்டுகளில் மங்கிவிடும். எழுத்தறிவு இயக்கங்கள் நடந்த இடமெங்கும் தலைவலியாக இருந்தது இதுதான். "எனக்குப் படிக்கத் தெரியும்" என்ற நம்பிக்கை நின்றுவிட்டு, படிப்பு மட்டும் நழுவிப் போயிருக்கலாம். மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றது என்ற அறிவிப்பில் வெற்றியை அளந்தவர்கள் அதற்குப் பிறகான நூலகத்துக்கும் தொடர்கல்வி மையத்துக்கும் அதே வேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும், இதை ஒரு போக்குவரத்துத் திட்டம் என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கடைகளில் சைக்கிள் 1991-க்கு முன்பும் இருந்தது. வீட்டுத் திண்ணையில் ஆணின் சைக்கிள் சாத்தியிருந்தது. தினமும் அதைத் துடைத்துவைத்த பெண்களும் இருந்திருப்பார்கள். பொருள் அருகிலேயே இருந்தும் அதன்மேல் ஏறலாம் என்று தோன்றாத காலம் எவ்வளவு நீளம்! வங்கிக் கடன் மட்டும் அந்த நீளத்தைக் குறைத்துவிடாது.

என் பெரியம்மாவின் கதையில் இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி இருக்கிறது. அவர் தனியாக ஓட்டத் தொடங்கிய சில வாரத்துக்குள் எதிர்வீட்டு அக்காவையும் மைதானத்துக்குக் கூட்டி வந்தார். விடிந்து நல்ல வெளிச்சமான பிறகுதான் வந்தார்கள். பால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். பழக்கிவிட நான் தேவைப்படவில்லை, கேரியரைப் பெரியம்மாவே பிடித்துக்கொண்டார். அந்த அக்கா நான்கைந்து சுற்று போன பிறகு, "பிடிச்சிருக்கீங்களாக்கா?" என்று கத்தினாள்.

"இப்ப விடப்போறேன்" என்றார் பெரியம்மா. "வேப்பமரம் வந்ததும் விடுவேன். அங்கேருந்து எத்தனை அடின்னு நீயே எண்ணிக்க."